கூடையும் வலையும்: ஒரே ஆட்டம் இரண்டான கதை

லண்டனில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை ஒருநாள் பாடசாலை முடிந்து வந்து, "அம்மா, இண்டைக்கு நான் ஜி.எஸ். விளையாடினன்" என்று சொல்வாள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ படித்த அம்மாவுக்கு அந்த இரண்டு எழுத்துகளுக்கு விளக்கம் தேவைப்படாது. அவரும் ஒரு காலத்தில் மார்பிலும் முதுகிலும் அப்படியொரு எழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு, பாடசாலை மைதானத்து வெயிலில் நின்று வளையத்துக்குள் பந்து போட்டவராக இருக்கலாம். வலைப்பந்தாட்டம் எங்கள் பெண்கள் பாடசாலைகளில் அவ்வளவு தூரம் ஊறிப்போன விளையாட்டு.

அதே வீட்டில் அண்ணன் கூடைப்பந்தாட்டம் ஆடுவான். தங்கை சில நாள் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பாள். "அவன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம். நான் பந்தைப் பிடிச்சால் ஏன் அசையக்கூடாது?" வளையத்தின் உயரம் இரண்டு ஆட்டத்திலும் ஒன்றுதான். பந்தை மேலிருந்து கீழே விழுத்துவதும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒருவருக்கு ஓட்டம், மற்றவருக்கு நிற்றல்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால் 130 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும். அந்தப் பாதையில் லண்டனும் வரும், இலங்கையும் வரும்.

பதின்மூன்று விதிகள்

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில், வை.எம்.சி.ஏ. அமைப்பின் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத இளைஞர்களுக்கு உள்ளரங்கில் ஆடக்கூடிய ஒரு விளையாட்டை உருவாக்கித் தரும்படி, கனடாவில் பிறந்த ஆசிரியரான ஜேம்ஸ் நைஸ்மித்திடம் கேட்கப்பட்டது. அவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு வாரம்.

உதைபந்தாட்டத்திலும் ரக்பியிலும் பந்தோடு ஓடுபவரை மறித்து விழுத்துவதால்தான் காயம் வருகிறது என்று நைஸ்மித் கண்டார். ஆகவே பந்தோடு ஓடுவதையே அவர் தடை செய்தார். பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். இலக்கைத் தலைக்கு மேலே வைத்தால் பலமாக எறிவதில் பயனிருக்காது, குறி பார்த்துத்தான் எறிய வேண்டிவரும் என்பது அவருடைய இரண்டாவது யோசனை. கட்டடப் பராமரிப்பாளர் கொண்டுவந்து கொடுத்த பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் விளிம்பில் அடித்தார்கள். அந்த விளிம்பின் உயரம் 10 அடி, அதாவது 3.05 மீற்றர். யாரும் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்காத அந்த உயரம் இன்றுவரை மாறவில்லை.

13 விதிகள் 1892 ஜனவரியில் அச்சாகின. முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், உதைபந்து ஒன்று, கூடைக்குள் விழுந்தது ஒரே ஒரு முறை. விழுந்த பந்தை எடுக்க ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது.

தங்கையின் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைக்கிறது. தொடக்கத்தில் ஓடக்கூடாது என்ற விதி எல்லோருக்கும் பொதுவானது. அவள் இன்று ஆடும் ஆட்டத்தில்தான் அந்த முதல் விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. மாறிப்போனது அண்ணனின் ஆட்டம்.

ஹாம்ஸ்டெட்டிலிருந்து டார்ட்ஃபோர்ட் வரை

புதிய ஆட்டம் மிக விரைவாகப் பெண்கள் கல்லூரிகளுக்குப் போனது. 1892இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கற்பித்தார். ஆனால் விதிகளை மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை விட்டு வெளியே போகக்கூடாது என்றார். இன்னொருவரின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது, 3 விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது என்றும் விதித்தார். பெண்கள் களைத்துவிடுவார்கள், முரட்டுத்தனம் அவர்களுக்கு அழகல்ல என்ற அக்காலத்து எண்ணமே இந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருந்தது. அதே நேரம் இந்த விதிகள் இல்லாவிட்டால் பெண்கள் ஆடுவதற்கே அனுமதி கிடைத்திராது என்பதும் உண்மை.

லண்டனில் அந்த நாட்களில் மார்ட்டினா பெர்க்மன் ஒஸ்டர்பெர்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண்மணி, ஹாம்ஸ்டெட் பகுதியில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நடத்தி வந்தார். அது 1885இல் தொடங்கியது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற கருத்தை உடையவர் அவர். 1893இல் கூடைப்பந்தாட்டத்தின் ஒரு வடிவம் அவருடைய மாணவிகளிடம் வந்து சேர்ந்தது. 1895இல் கல்லூரி லண்டனுக்குக் கிழக்கே கென்ட் மாவட்டத்திலுள்ள டார்ட்ஃபோர்ட்டுக்கு இடம் மாறியது. அங்கே ஆட்டம் வெளியே புல்தரைக்கு வந்தது. கூடைகள் போய் வலை கட்டிய வளையங்கள் வந்தன. அமெரிக்கப் பெண்கள் ஆட்டத்தின் மூன்று பகுதி விதியும் சேர்ந்துகொண்டது. கூடை இல்லாமல் வலை மட்டும் தொங்கியதால் பெயரும் மாறி 'நெட்பால்' ஆனது. 1901இல் லிங் சங்கம் என்ற உடற்கல்வி ஆசிரியர் அமைப்பு அதன் விதிகளை முதன்முறையாக அச்சிட்டது.

உடையும் இந்த விதிகளில் மறைந்திருக்கிறது. தரையைத் தொடும் பாவாடையோடும் உப்பிய கையுள்ள சட்டையோடும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது முடியாத காரியம். பிடித்து, நின்று, எறிவதுதான் அந்த உடைக்கு ஏற்ற ஆட்டம். அந்த உடைக்கு மாற்றாக முழங்கால் அளவு வரும், கை இல்லாத 'ஜிம்ஸ்லிப்' சட்டை இதே கல்லூரியின் மாணவி மேரி டெய்ட்டின் ஆக்கமாகச் சொல்லப்படுகிறது. பின்னர் அது பிரிட்டனில் பெண்பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையாகவே ஆகிவிட்டது.

ஒஸ்டர்பெர்க் அம்மையாரின் கல்லூரியிலும் அதைப் பின்பற்றிய கல்லூரிகளிலும் படித்து வெளியேறியவர்கள் உடற்கல்வி ஆசிரியைகளாகப் போனார்கள். பிரிட்டிஷ் ஆட்சி இருந்த நாடுகளின் பெண்கள் பாடசாலைகளுக்கு இந்த ஆட்டம் அப்படித்தான் பரவியது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலை மைதானத்தில் நட்ட வளையக் கம்பத்தின் வேர் இப்படி டார்ட்ஃபோர்ட்டுக்கு வந்து சேர்கிறது.

1960: இலங்கையில் கூடிய மாநாடு

ஆட்டம் பரவியதே தவிர, விதி ஒன்றாக இருக்கவில்லை. நியூசிலாந்தில் நெடுங்காலம் ஒன்பது பேர் ஆடினார்கள். இங்கிலாந்தில் ஏழு பேர். பெயரிலும் ஒற்றுமை இல்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இதைப் பெண்கள் கூடைப்பந்தாட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு நாட்டு அணி இன்னொரு நாட்டுக்குப் போனால் முதலில் யாருடைய விதிப்படி ஆடுவது என்று பேச வேண்டியிருந்தது.

1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அன்றைய சிலோனில் கூடி உலகத்துக்குப் பொதுவான விதிகளை ஏற்றுக்கொண்டார்கள். சர்வதேச சம்மேளனமும் அங்கேயே உருவானது. அணிக்கு ஏழு பேர் என்பது அப்போது நிலைபெற்றது. இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் வலைப்பந்தாட்டம் ஒரே விதிக்குள் வந்த இடம் எங்கள் தீவு. இது எங்கள் வீடுகளில் பலருக்குத் தெரியாத செய்தி.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1963இல், இங்கிலாந்தின் தென்கரை நகரமான ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தது. பங்குபற்றிய 11 அணிகளில் சிலோனும் ஒன்று. பட்டத்தை அவுஸ்திரேலியா வென்றது.

கூடைப்பந்தாட்டம் மாறிய விதம்

வலைப்பந்தாட்டம் தன் முதல் விதிகளைக் கட்டிக் காத்த அதே காலத்தில், கூடைப்பந்தாட்டம் ஏறத்தாழ எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டது. பந்தோடு ஓடக்கூடாது என்ற விதியை ஆட்டக்காரர்கள் மீறவில்லை. அதில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மறிக்கப்பட்டவர் பந்தைத் தரையில் தட்டிவிட்டு மறுபடி தானே பிடித்தார். அது மெல்ல மெல்ல அனுமதிக்கப்பட்டு, இன்று ஆட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1897 அளவில் அணிக்கு ஐந்து பேர் என்பது வழக்கமானது. மாடத்தில் இருந்த பார்வையாளர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டதால்தான் கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. அந்தத் தடுப்புப் பலகையே பின்னர் எறிபவருக்கு உதவியாக மாறியது.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகப் பதக்கத்துக்குரிய போட்டியாக நடந்தது. வெளியே மண் தரையில் நடந்த இறுதி ஆட்டத்தில் மழை பெய்து சேறாகி, பந்து துள்ளவே இல்லை. அமெரிக்கா கனடாவை 19க்கு 8 என்று வென்றது. அடுத்து 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆட்டங்கள் உள்ளரங்கில் நடந்தன. இடம் வடக்கு லண்டனின் ஹாரிங்கே அரங்கம். கிரீன் லேன்ஸ் வீதியில் கடைகளுக்குப் போகும் எங்களவர்கள் பலர் அந்த அரங்கம் இருந்த நிலத்தின் மீதுதான் இன்று வாகனம் நிறுத்துகிறார்கள்.

பிறகு வந்தது நேரம் பற்றிய சிக்கல். முன்னணியில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம் என்ற நிலை இருந்தது. 1950இல் அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.யில் ஓர் ஆட்டம் 19க்கு 18 என்று முடிந்தது. மக்கள் சலித்துப் போனார்கள். 1954இல் சிராகியூஸ் அணியின் உரிமையாளர் டானி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. நல்ல ஆட்டமொன்றில் இரு அணியும் சேர்ந்து 120 தடவை எறிகின்றன. வகுத்தால் 24. அதற்குள் எறிய வேண்டும் என்ற விதி அப்படிப் பிறந்தது. சர்வதேச ஆட்டத்தில் 1956இல் 30 விநாடியாக வந்து, 2000இல் 24 ஆனது.

தூரத்துக்கும் மதிப்பு வந்தது. வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதியை என்.பி.ஏ. 1979இலும் சர்வதேசச் சம்மேளனம் 1984இலும் ஏற்றன. சர்வதேசக் கோடு முதலில் 6.25 மீற்றரில் இருந்தது. 2010இல் 6.75 மீற்றருக்குத் தள்ளப்பட்டது. உயரம் குறைந்த, ஆனால் குறி தவறாத பிள்ளைகளுக்கு இந்த விதி ஒரு கதவைத் திறந்தது.

உயரமானவர்களைக் கட்டுப்படுத்தவும் பல விதிகள் எழுதப்பட்டன. 1944இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் கூடையை நோக்கிக் கீழே இறங்கும் பந்தைத் தட்டக்கூடாது என்றார்கள். ஜோர்ஜ் மைக்கன் என்ற உயரமான வீரர் கூடைக்குக் கீழே நின்று புள்ளிகளைக் குவித்ததால், 1951இல் என்.பி.ஏ. அந்தப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. 1967 முதல் 1976 வரை கல்லூரி ஆட்டத்தில் பந்தைக் கூடைக்குள் கையால் அழுத்திப் போடுவதே தடை செய்யப்பட்டிருந்தது.

உடை விதியில் வந்த மாற்றம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு படிக்கும் பலரைத் தொட்டது. 2014இல் கட்டார் பெண்கள் அணி தலை மறைப்போடு ஆட அனுமதி கிடைக்காமல் ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து விலகியது. அதே ஆண்டு இந்திய அணியின் சீக்கிய வீரர்கள் தலைப்பாகையைக் கழற்ற வேண்டியிருந்தது. 2017இல் சர்வதேசச் சம்மேளனம் அந்த விதியை மாற்றி, தலை மறைப்புகளை அனுமதித்தது. ஆட்டம் அப்படியே இருக்க, ஒரு வரி மாறியதால் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் வர முடிந்தது.

இன்று இரண்டும் நிற்கும் இடம்

பிள்ளைகளுக்கு விளக்க உதவும் என்பதால் முக்கியமான வேறுபாடுகளைச் சுருக்கமாகத் தருகிறோம்.

- வளையத்தின் உயரம்: இரண்டிலும் 3.05 மீற்றர். கூடைப்பந்து வளையத்தின் குறுக்களவு 45 சென்ரிமீற்றர், வலைப்பந்து வளையம் 38 சென்ரிமீற்றர். வலைப்பந்தில் பின்பலகை இல்லை.
- ஆட்டக்காரர்: கூடைப்பந்தில் ஐவர், யாரும் எங்கும் போகலாம், யாரும் எறியலாம். வலைப்பந்தில் எழுவர், ஒவ்வொருவருக்கும் குறித்த பகுதி. ஜி.எஸ்., ஜி.ஏ. என்ற இருவர் மட்டுமே கோல் போடலாம், அதுவும் கோல் வட்டத்துக்குள் நின்றுதான்.
- பந்தை வைத்திருத்தல்: வலைப்பந்தில் 3 விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும், பந்தோடு நகர முடியாது. கூடைப்பந்தில் தட்டிக்கொண்டு போகலாம், அணி 24 விநாடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும்.
- தடுத்தல்: வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் தடுக்கலாம்.
- நேரம்: சர்வதேசக் கூடைப்பந்து 10 நிமிடப்படி நான்கு பகுதிகள். வலைப்பந்து 15 நிமிடப்படி நான்கு.

தர்ஜினி என்ற உயரம்

விதிகளையும் உயரத்தையும் பேசும்போது தர்ஜினி சிவலிங்கத்தைப் பேசாமல் விட முடியாது. யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த இவருடைய உயரம் 2.08 மீற்றர். ஊரில் பெண்பிள்ளை ஒருத்தி அவ்வளவு உயரமாக வளர்ந்தால் சுற்றமும் சந்தியும் என்ன பேசும் என்பது எங்கள் வாசகர்களுக்குத் தெரியும். வலைப்பந்து மைதானத்தில் அதே உயரம் ஒரு நாட்டு அணியின் பலமானது.

கணக்கைப் பாருங்கள். அவருடைய தலைக்கும் வளையத்துக்கும் இடையில் 97 சென்ரிமீற்றர்தான். தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். தலைக்கு மேலே உயர்த்திப் போட்ட பந்தை அவர் பிடித்துவிட்டால், அதன் பிறகு அவரை மறிப்பது மிகக் கடினம். எதிரணிக்கு இருந்த ஒரே வழி பந்து அவரிடம் போகாமல் பார்த்துக்கொள்வது. அங்கேயும் ஒரு பழைய விதி குறுக்கே நின்றது. பந்து மைதானத்தின் ஒரு முழுப் பகுதியை யாரும் தொடாமல் தாண்டக்கூடாது. ஆகவே தொலைவிலிருந்து நேரே அவருக்கு எறிந்துவிட முடியாது. நடுவில் நிற்கும் தோழியர் பந்தைச் சரியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தனி ஒருவரின் உயரம் எவ்வளவு இருந்தாலும், ஏழு பேரும் ஆடினால்தான் கோல் விழும்.

2009இல் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது தர்ஜினி அந்த அணியில் இருந்தார். அந்த ஆண்டு எங்களுக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்று இங்கே எழுதத் தேவையில்லை. அந்தச் சீருடையில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்துச் சிலர் மகிழ்ந்தார்கள், சிலருக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு உணர்வுக்கும் காரணம் இருந்தது. ஆனால் பந்து வளையத்துக்குள் விழுந்த கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த கோல் எய்பவராகத் தெரிவானார். 2018இல் மீண்டும் ஆசியக் கிண்ணம். 2019இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லா அணிகளிலும் அதிக கோல் போட்டவர் அவரே. அப்போது அவருக்கு வயது நாற்பது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைக்கனைக் கட்டுப்படுத்தக் கோட்டைத் தள்ளிப் போட்டது கூடைப்பந்தாட்டம். தர்ஜினிக்காக வலைப்பந்தாட்டம் வளையத்தை உயர்த்தவும் இல்லை, கோல் வட்டத்தை மாற்றவும் இல்லை. 1901இலும் 1960இலும் எழுதப்பட்ட விதிகள், புன்னாலைக்கட்டுவனிலிருந்து வந்த பெண்ணுக்கு இடம் விட்டே இருந்தன.

லண்டனில் எங்கள் பிள்ளைகள்

வலைப்பந்தாட்டமும் இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது. விரைவு வடிவம் ஒன்று 2009இல் மான்செஸ்டரில் அரங்கேறியது. தொலைவிலிருந்து போட்டால் இரண்டு கோல் என்ற விதியை அவுஸ்திரேலியத் தொடர் 2020இல் கொண்டுவந்தது. 2018இல் இங்கிலாந்துப் பெண்கள் பொதுநலவாய விளையாட்டில் அவுஸ்திரேலியாவை 52க்கு 51 என்று கடைசி விநாடியில் வென்று தங்கம் எடுத்த பிறகு, இந்நாட்டில் இந்த ஆட்டத்துக்குத் தனி மதிப்பு வந்திருக்கிறது. லண்டன் பல்ஸ் அணியின் ஆட்டங்களை ஸ்ட்ராட்ஃபோர்ட் கொப்பர் பொக்ஸ் அரங்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஆண்களுக்கான வலைப்பந்து அணிகளும் இன்று உண்டு. மறுபக்கம் பெண்கள் கூடைப்பந்தாட்டம் 1976 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. பெரன்சன் போட்ட மூன்று பகுதிக் கோடு அங்கே எப்போதோ அழிந்துவிட்டது.

ஆகவே அந்தத் தங்கையின் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்லலாம். "நீ ஆடுறதுதான் பழைய விதி. பெண்களால முடியாது எண்டு நினைச்ச காலத்தில சில கோடுகளைப் போட்டவை. அந்தக் கோட்டுக்குள்ள நிண்டே உன்ர அம்மாவும் பெரியம்மாவும் நல்லா விளையாடினவை. உனக்கு ஓடிப் பார்க்க விருப்பமெண்டால் அண்ணாவின்ர ஆட்டத்துக்கும் போ."

எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகள் பதின்மூன்று பதினான்கு வயது வந்ததும், ஜி.சி.எஸ்.இ. படிப்பையும் ரியூசனையும் காரணம் காட்டி விளையாட்டை நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. அம்மாவின் காலத்திலும் அப்படித்தான், காரணங்கள் மட்டும் வேறு. ஒஸ்டர்பெர்க் அம்மையாரின் மாணவிகள் நீண்ட பாவாடையோடு ஆடத் தொடங்கிய ஆட்டம் இது. விதி எழுதியவர்கள் தங்கள் விதியை எத்தனையோ தடவை திருத்திவிட்டார்கள். பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள், விளையாட்டுப் போதும் என்ற எங்கள் வீட்டு விதியையும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.